கல் எங்கிருந்து வந்தது? அரையாண்டு விடுமுறைக்கு ஒரு கல் ஓவியப் பணி

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரத்தில் விடுமுறை விடும்போது, "லீவுல ஏதாவது ஒரு கைவேலை செஞ்சு கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது நம்மில் பலருக்கும் வழக்கம். ஜனவரி முதல் வாரத்தில் வகுப்பு மேசைக்கு எவை வந்து சேரும் என்பதும் நமக்குத் தெரியும். தெர்மாகோல் வீடு, ஜிகினாத் தூள் ஒட்டிய சார்ட் அட்டை, கடையில் வாங்கிய ஐஸ் குச்சிகளால் ஆன பேனாக் கூடு. அவற்றில் பாதி அம்மாவோ அண்ணனோ செய்தவை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தச் செலவு சின்னச் செலவும் அல்ல.

இதற்கு மாற்றாக, கூழாங்கல்லில் வண்ணம் தீட்டிவரச் சொல்லும் பழக்கம் இப்போது பல பள்ளிகளில் பரவி வருகிறது. நல்ல மாற்றம்தான். வ. புதுப்பட்டி, கூமாப்பட்டி, கான்சாபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கே நிமிர்ந்தால் மலை, குனிந்தால் கல். ஆனால் காசு கொடுத்து வாங்காத பொருள் என்பதாலேயே அதைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கல்லை எங்கே எடுப்பது, எந்த வண்ணத்தைப் பூசுவது, பூசிக் கொண்டுவந்த கல்லை என்ன செய்வது என்று விடுமுறைக்கு முந்தைய வாரத்திலேயே ஆசிரியர் பேசிவிட்டால் இது உண்மையான கற்றல் பணியாகிவிடும். பேசாமல் விட்டால் மேசையில் 30 கல்லும் 30 பொன்வண்டும் இருக்கும், அவ்வளவுதான்.

எடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். வழவழப்பான கல் வேண்டும் என்றதும் குழந்தைகளின் நினைவுக்கு வருவது ஓடை. மார்கழி அமாவாசைக்குப் பெற்றோருடன் சதுரகிரி போகும் பிள்ளைகள் தாணிப்பாறை ஓடையில் கல் பொறுக்குவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குச் செண்பகத்தோப்பு, ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு அய்யனார் கோயில் ஆறு. இந்த மலைப்பகுதி 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. காப்புக்காட்டுக்குள் கல்லும் மண்ணும்கூட வனப்பொருள்தான். அனுமதியின்றி எடுத்து வரக்கூடாது. இதைக் குழந்தைகளிடம் "சட்டம் தடுக்கிறது" என்று மட்டும் சொல்லி முடிக்க வேண்டாம். காரணத்தையும் சொல்லலாம். ஓடைக் கல்லின் அடிப்பக்கம் ஒரு வீடு. தட்டான் பூச்சியின் இளம்பருவம் தண்ணீருக்குள் கல் இடுக்குகளில்தான் வளர்கிறது. நண்டுக் குஞ்சு அங்கேதான் ஒளிகிறது. பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு மீன்கள் கல்லின் மேல் படியும் பாசியை மேய்கின்றன. ஒரு பிள்ளை 5 கல் எடுத்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு வகுப்பு, ஒரு பள்ளி, ஓர் ஒன்றியம் என்று பெருக்கிப் பார்க்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புக் குழந்தையே கணக்குப் போட்டுவிடும்.

அப்படியானால் கல் எங்கே கிடைக்கும்? தென்னந்தோப்பு வரப்புகளில் உழவின்போது பொறுக்கிப் போட்ட குவியல்கள் உண்டு. கிணறு வெட்டி மேட்டில் கொட்டிய கற்கள் உண்டு. வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய ஜல்லி, உடைந்த நாட்டு ஓடு, கடப்பாக் கல் துண்டு, டைல்ஸ் துண்டு எல்லாமே பயன்படும். (டைல்ஸ் துண்டின் ஓரம் கையைக் கிழிக்கும், பெரியவர் யாராவது உரசி மழுக்கித் தர வேண்டும்.) ஜல்லியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. முக்கோணமாக உடைந்த கல்லில் கோபுரமும் மலையும் ஆந்தையும் எளிதாக அமையும். உருண்டைக் கல்லில் வராத உருவங்கள் அவை.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்லியனுப்ப வேண்டும். கற்குவியலில் வெறுங்கையை விடக்கூடாது. மழைக்காலம் முடியும் இந்த நாட்களில் கல்லுக்கடியில் தேளும் பூரானும் இருக்கும். நம் பகுதியின் வறண்ட நிலத்தில் சுருட்டை விரியனும் கல் இடுக்கில்தான் சுருண்டு கிடக்கும். உருவத்தில் சிறியதானாலும் கொடிய நஞ்சுள்ள பாம்பு அது. பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு, நீளமான குச்சியால் கல்லைப் புரட்டிவிட்டு, பிறகு எடுக்க வேண்டும். இதை ஒரு முறை சொன்னால் போதாது. வகுப்பில் நான்கு கல்லைத் தரையில் வைத்து, குச்சியால் எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டிவிடுவது நல்லது.

கொண்டுவந்த கல்லில் உடனே தூரிகையை வைக்கக்கூடாது. இந்தப் பணியின் சாரமே கல்லைப் பார்ப்பதில் இருக்கிறது. தாள் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி, கல் அப்படியில்லை. கையில் வைத்து நான்கு பக்கமும் திருப்பினால் ஒரு பக்கம் ஆமையாகவும் இன்னொரு பக்கம் அமர்ந்த கோழியாகவும் தெரியும். மாமல்லபுரத்துச் சிற்பிகள் செய்ததும் இதைத்தான். அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் பெரும்பாறையின் நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு இருந்தது. அதைக் குறை என்று ஒதுக்காமல் நீர் இறங்கிவரும் வழியாக்கி, அதில் நாகர்களைச் செதுக்கினார்கள். மொத்தச் சிற்பத்துக்கும் அந்தப் பிளவுதான் உயிர். ஸ்பெயினின் அல்தாமிரா குகையில் கூரைப் பாறை புடைத்திருக்கும் இடங்களைக் காட்டெருமையின் உடலாக வைத்து வரைந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கைபேசியில் பார்த்த பொன்வண்டையும் சிரிக்கும் முகத்தையும் எல்லாக் கல்லிலும் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு படங்களைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். "இந்தக் கல்லில் நீ என்ன பார்த்தாய்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பதில் இரண்டு வரி போதும்.

கல்லைப் பார்க்கும்போதே அறிவியலும் வந்துவிடுகிறது. நம் பகுதியில் அதிகம் கிடைப்பவை சில வகைகள்தான். வெள்ளையாகப் பளபளக்கும் வெங்கச்சாங்கல், கருப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் கல், கரும்பச்சைச் சாயலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும் சார்னோகைட், கரடுமுரடான சுக்காங்கல். சார்னோகைட் என்ற பெயருக்குப் பின்னால் குழந்தைகள் விரும்பும் கதை ஒன்று உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்த கல் சென்னையின் பரங்கிமலைப் பகுதியைச் சேர்ந்தது. அந்தக் கல்லறையை வைத்தே தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள அதே பாறை வகைதான் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பரவிக் கிடக்கிறது. சுக்காங்கல்லை அடையாளம் காண எலுமிச்சைச் சாறு போதும். ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று பொருள். வெங்கச்சாங்கல்லில் விட்டால் ஒன்றும் நடக்காது.

வரியோடும் கல்லுக்கு என் தனிப்பட்ட பரிந்துரை, அதை முழுக்க மறைக்காதீர்கள் என்பதுதான். அந்த வரிகளையே வயல் வரப்பாகவோ அணிலின் முதுகாகவோ வைத்துக்கொண்டு, கண்ணும் வாலும் மட்டும் தீட்டினால் போதும். பாதிக் கல் வெறுமையாக இருக்கும் படைப்புகளே பெரும்பாலும் அழகாக அமைகின்றன. வண்ணமும் மிச்சம்.

அடுத்தது ஈரம். மேலைநாடுகளில் இந்தக் கைவேலை பனிக்கு ஒதுங்கி வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வது. நமக்கு மார்கழி என்பது மழை ஓய்ந்து விடியற்காலைப் பனி விழும் காலம். மண்ணில் கிடந்த கல்லின் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும் கல்லில் வண்ணம் பூசினால், இரண்டு நாளில் குமிழ்விட்டுத் தோலாக உரியும். தேங்காய் நார் வைத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். மாலையில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பனி மறுபடியும் ஊறும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. உள்ளே உள்ள நீர் ஆவியாகும்போது கல் வெடித்துச் சிதறும் வாய்ப்பு உண்டு. உயர்வகுப்பு மாணவர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்யலாம். செங்கல் துண்டு ஒன்று, ஓட்டுத் துண்டு ஒன்று, கூழாங்கல் ஒன்று. மூன்றையும் எடைபோட்டு, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடைபோட்டால் எது எவ்வளவு நீர் குடித்தது என்பது தெரிந்துவிடும். ஊரிலுள்ள மளிகைக் கடைத் தராசு போதும்.

காய்ந்த கல்லுக்கு முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று தேவை. இதுவும் புதிய நுணுக்கம் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் தாமரைக் குளம் வரைந்தவர்கள் வெறும் பாறையில் வரையவில்லை. பாறைமேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, அதன்மேல்தான் வரைந்தார்கள். 1,000 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஓவியத்தின் பகுதிகள் எஞ்சி நிற்கின்றன. அவர்களுடைய சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்தும், வெள்ளை சுண்ணாம்பிலிருந்தும், கருப்பு கரியிலிருந்தும் கிடைத்தவை. குழந்தைகள் கையில் சுண்ணாம்பைக் கொடுக்க வேண்டாம். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சுவருக்கு அடித்து மிஞ்சிய, தண்ணீரில் கலக்கும் வெள்ளை எமல்ஷன் கொஞ்சம் இருந்தால் போதும்.

வண்ணத்தில்தான் ஆசிரியர் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். "வீட்டில் இருக்கிற பெயின்டைப் பூசிட்டு வா" என்ற ஒரு வாக்கியம் ஆபத்தானது. பரணில் இருக்கும் பழைய எனாமல் டப்பாவில் ஈயம் கலந்திருக்கலாம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது முன்பு வழக்கம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 10 லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய டப்பாக்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. சின்னப் பிள்ளைகள் வண்ணம் பட்ட விரலை வாயில் வைப்பார்கள், பெயின்டைக் கரைக்க டர்பன்டைனை முகர்ந்துகொண்டே கலக்குவார்கள். ஆகவே எனாமல் வேண்டாம் என்பதைப் பெற்றோருக்கும் போகும்படி எழுதியே அனுப்பிவிடலாம்.

அதற்குப் பதிலாக என்ன? போஸ்டர் கலர் மலிவு. ஆனால் நீரில் கரையும் என்பதால் வீட்டுக்குள் வைக்கும் கல்லுக்குத்தான் சரி. அக்ரிலிக் காய்ந்தபின் நீரில் கரையாது, வெளியில் வைக்கலாம், விலை கூடுதல். இரண்டும் இல்லாத வீட்டிலும் வழி உண்டு. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அரசு விலையில்லாமல் தரும் மெழுகு வண்ணக் கட்டிகள் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் நன்றாகச் சூடேறிய கல்லில் அதை இழுத்தால், மெழுகு லேசாக இளகி வழுவழுவென்று படியும். குளிர்ந்த கல்லில் தேய்த்தால் நிறம் ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு வரும் மகிழ்ச்சி தனி.

இன்னொரு வழி இன்னும் பழையது. மார்கழிக் கோலத்துக்குக் கரை கட்ட வாங்கிய காவிப் பொடி பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அடுப்புக்கரி இருக்கும். இவற்றை வெறும் நீரில் குழைத்துப் பூசினால் காய்ந்ததும் கையோடு வந்துவிடும். பற்றவைக்க ஒரு பசை தேவை. நாட்டுக் கருவேல மரத்தின் பட்டையில் வடிந்து இறுகிய பிசினை ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல பசை கிடைக்கும். (சீமைக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்த மாலைபோல் இடையிடையே இறுகியிருக்கும்.) பிசின் இல்லாவிட்டால் கெட்டியான சோற்றுக் கஞ்சி போதும். மழையில் நனைந்தால் இரண்டுமே கரையும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் மாஸ் தசீல் என்ற குகையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதுவார் பியெத் என்பவர் தோண்டி எடுத்த கூழாங்கற்களில் இதே காவியால் புள்ளிகளும் கோடுகளும் போட்டிருந்தன. ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழைமை. எண்ணிக்கைக் குறியா, விளையாட்டுக் காயா, வழிபாட்டுப் பொருளா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை முடிவு சொல்லவில்லை. கோலப் புள்ளியும் காவிக் கரையும் தெரிந்த நம் பிள்ளைகள் அந்தக் கற்களின் படத்தைப் பார்த்தால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஜிகினாத் தூளை மட்டும் தவிர்த்துவிடச் சொல்லலாம். அது பிளாஸ்டிக், கல்லிலிருந்து உதிர்ந்து மண்ணில் கிடக்கும்.

விடுமுறை முடிந்து கற்கள் வந்து சேர்ந்ததும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று போவதைவிட, அவற்றை வேலைக்கு வைப்பது நல்லது என்பது என் கருத்து. வண்ணம் பூசிய கல் செய்தி சொல்லும் என்பது நாம் தினமும் சாலையில் பார்ப்பதுதான். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பேருந்தில் போகும்போது எந்தெந்த நிறம் வருகிறது என்று குறித்து வரச் சொன்னால் சமூக அறிவியலுக்கு ஒரு பாடம் கிடைத்துவிடும். அதேபோல் பள்ளித் தோட்டத்தில் செடிகளின் பெயரை அட்டையில் எழுதி நட்டால் ஒரு மழையோடு போய்விடும். தட்டையான கல்லில் அக்ரிலிக்கால் எழுதி வைத்தால் ஆண்டு முழுக்க நிற்கும், கரையானும் அரிக்காது.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்கு இந்தக் கற்கள் இன்னும் பொருத்தம். எண் கற்களைப் பல பள்ளிகளில் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். ஒன்றுகளுக்கு ஒரு நிறம், பத்துகளுக்கு இன்னொரு நிறம் என்று வைத்தால் இடமதிப்பு கைக்குள் வந்துவிடும். எழுத்துக் கற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். க முதல் ன வரை 18 அகர வரிசை உயிர்மெய்களை 18 கல்லில் எழுதுங்கள். துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு ஆகியவற்றை 4 கல்லில் வேறு நிறத்தில் எழுதுங்கள். மொத்தம் 22 கற்கள். "க" பக்கத்தில் துணைக்கால் வைத்தால் "கா". முன்னால் ஒற்றைக் கொம்பு வைத்தால் "கெ". இரண்டையும் இரு பக்கமும் வைத்தால் "கொ". எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலிக்கும்போது பின்னால் கேட்கிறது என்று தடுமாறும் குழந்தை, கல்லை நகர்த்தும்போது அதைக் கையால் உணர்கிறது. இந்த 22 கற்களால் 18 அகர எழுத்துகளோடு, ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளில் 108 எழுத்துகளும் சேர்ந்து 126 எழுத்துகளை அமைக்கலாம். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளைக் கல்லால் பிரித்துக் காட்ட முடியாது. அங்கே குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கு, சு, டு, து என்று வடிவமும் மாறுகிறது. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும். கொம்பு, கால் வரை கல் போதுமானது.

வகுப்பில் வைக்கும் கல் எலுமிச்சை அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிடச் சிறியதை மழலைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக இருந்தால் உருளாது, எழுத்தும் தலைகீழாகாது. கல் கையில் இருந்தால் எறியத் தோன்றும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். பாடம் முடிந்ததும் எண்ணி எடுத்துச் சாக்கில் போட்டுவிட வேண்டும். சொட்டாங்கல் ஆடும் கற்களுக்கு வண்ணம் பூசாமல் விடுவதே நல்லது. உள்ளங்கை வியர்வையில் நிறம் கழன்று கையில் ஒட்டும், கல்லும் வழுக்கும்.

இந்தப் பணியைக் கட்டாயமாக்க வேண்டாம். விடுமுறையில் பெற்றோரோடு வெளியூர் வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளும் நம் வகுப்பில் உண்டு. அவர்களுக்காக நான்கு காய்ந்த கற்களைப் பள்ளியிலேயே எடுத்து வைத்து, ஜனவரியில் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும். ஆண்டு முடிவில் நிறம் மங்கிய கற்களைத் தோட்டத்திலோ ஊருணிக் கரையிலோ எறிந்துவிடாமல் பீரோவுக்கு அடியில் சாக்கோடு வைத்திருங்கள். அடுத்த டிசம்பரில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டால் அதே கல் அடுத்த வகுப்புக்கு ஆகும். புதிதாகக் கல் தேடிப் போக வேண்டியதில்லை.